லேகம் மிட்டியும் சாதன மரமும்

கண்டி இராச்சியத்தின் ஆட்சிமுறையை ஆராயப் புகுவோர் முதலிற் காண்பது ஓலையும் எழுத்தாணியுமே. அந்நாட்டில் வயல் உடையோன் அவ்வயலின் பொருட்டு அரசனுக்கோ, விகாரைக்கோ, தேவாலயத்துக்கோ, பிரபு ஒருவனுக்கோ ஊழியம் புரியக் கடமைப்பட்டிருந்தான். அரசனுக்குச் செய்யும் ஊழியம் 'இராஜகாரிய' எனப்பட்டது. ஒருவன் பொதிமாடு ஓட்டுவான். ஒருவன் மட்கலம் வனைந்து கொடுப்பான். ஒருவன் குறித்த காலத்திற் காவல் நிற்பான். இன்ன ஊரில் இன்ன நிலத்தை இன்னார் அனுபவிக்கின்றார், அதற்கு ஈடாக அவர் செய்யும் ஊழியம் இன்னது என்பவற்றை எழுதிவைத்த ஏடே 'லேகம் மிட்டி'. லேகம் என்பான் எழுத்தன். ஊழியத்துக்கு உட்பட்ட நிலப்பகுதியைச் சிங்களர் 'பங்குவ' என்றனர். அது நம் 'பங்கு' என்னுஞ் சொல்லோடு ஒத்தல் வெளிப்படை.

இவ்வேடு நாடு முழுவதற்கும் ஒன்றாய் இருந்ததெனக் கருதுதல் பிழை. திசாவைமாரும் ரட்டே மகாத்மயாமாரும் நிலப்பரப்புக்கு அதிகாரிகள். அவர்தம் ஆட்சியைக் குறுக்கறுத்து, தொழில்வகையால் வகுத்த திணைக்களங்கள் நின்றன. பொதிமாட்டுப் போக்குவரத்துக்கு மடிகே பத்த, கம்மியர்க்குக் கொட்டல் பத்த, குயவர்க்குப் படஹெல பத்த என்றிவ்வாறு அவை பலவாம். ஆதலின் ஒரே ஊரில் வேலி ஒன்றே இடையிட வாழ்ந்த இருவர் வெவ்வேறு தலைவர்க்கு உட்பட்டிருத்தலும், அவர்தம் கடமை வெவ்வேறு ஏட்டில் எழுதப்பட்டிருத்தலும் இயல்பாயின. 1815 மார்ச் 2 ஆம் நாள் ஒப்பந்தத்தால் இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்ட பின்னர் கண்டியில் வதிவிட அதிகாரியாய் விளங்கிய ஜோன் டொய்லி, இந்நாட்டு ஆட்சியமைப்பைப் பற்றி எழுதிவைத்த குறிப்புக்கள் 1929 இல் நூலாய் அச்சேறின. ரால்ஃப் பீரிஸ் 1956 இல் வெளியிட்ட கண்டிக்காலச் சமூக அமைப்பு நூலும் இத்துறையில் மாணவர் கற்கத் தக்கது. இவற்றிலிருந்து நாம் ஈண்டு மனங்கொள்ள வேண்டியது ஒன்றே: ஏடும் அதனை வாசிக்கும் எழுத்தனும் ஒரு திணைக்களத்துள் அடங்கியிருந்தமை.

இதனைக் கணினித்துறையின் அண்மை வரலாறு ஒன்றுக்கு முன்னுரையாகக் கூறினோம். இரண்டையும் ஒருங்குவைத்துப் பேசுதல் வலிந்து செய்யுங் காரியமெனத் தோன்றுமாயின், வாசகர் சிறிது பொறுத்துக் கேட்பாராக.

கணினியின் பணிசெயல் முறைமைக்கு உள்ளீடாய் நிற்பது கேர்னல் எனப்படும் கரு. விசைப்பலகை, திரை, வலையமைப்பு அட்டை முதலிய சாதனங்களை இயக்குதற்குக் கருவினுள் தனித்தனிச் செய்நிரல்கள் உள. அவை சாதனச் செலுத்திகள் எனப்படும். செலுத்தியானது தன் சாதனத்தை இயக்கும் வகையை அறியும்; ஆயின் அச்சாதனம் இந்தக் கணினியில் எந்த முகவரியில் உளது, எந்தக் கம்பி வழியாகக் கருவை அழைக்கும், எத்துணை மின்னழுத்தம் தாங்கும் என்பவற்றை அது தானே அறியாது. யாரேனும் சொல்லல் வேண்டும். 1992 இல் தோன்றிய பி.சி.ஐ. முறையிலும் 1996 இல் வந்த யூ.எஸ்.பி. முறையிலும் சாதனமே தன் பெயரையும் குலத்தையும் வினவியவுடன் உரைக்கும். கைத்தொலைபேசியினுள்ளும் கையளவான சுற்றுப்பலகைகளினுள்ளும் இருக்கும் சாதனங்கள் பெரும்பாலும் ஊமைகள். ஒரே சில்லினுள் அடைக்கப்பட்ட அவை தம்மைப் பற்றி யாதும் உரைப்பதில்லை.

பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸ் கருவில், இக்குறையை நிரப்பப் பலகைக் கோப்புக்கள் எழுதப்பட்டன. ஆர்ம் வகை முறைவழியாக்கி கொண்ட ஒவ்வொரு பலகைக்கும் ஒரு கோப்பு. அதனுள் அப்பலகையின் சாதனங்கள் யாவும் 'சி' மொழியிலேயே வரிசைப்பட எழுதப்பட்டிருக்கும். புதுப் பலகை ஒன்று சந்தைக்கு வந்தால், பழைய கோப்பைப் படியெடுத்து நான்கைந்து எண்களை மாற்றிப் புதுக்கோப்பாக்குவர். விவரணமும் குறிமுறையும் பிரிக்கவியலாவாறு கலந்து நின்றன. கைத்தொலைபேசிகள் பெருகப் பெருக இக்கோப்புக்களும் பெருகின. 2011 மார்ச்சில் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, ஆர்ம் பகுதியினர் ஒருவர் செய்ததை மற்றவர் அறியாது மீண்டும் மீண்டும் செய்கின்றனர் எனக் கடிந்து எழுதினார். அவர் சொற்கள் கல்லூரி மலரில் எடுத்தாளத் தக்கன அல்ல. கருத்து முற்றும் சரியே.

இதற்கு மருந்து வேறொரு வீட்டில் முன்னரே இருந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் மிச் பிராட்லி என்பார் 'ஓப்பன் பேர்ம்வெயார்' என்னும் தொடக்க மென்பொருளை அமைத்தார். கணினியிலுள்ள சாதனங்களை மரவடிவிலே விவரித்துக் கருவிடம் ஒப்படைத்தல் அதன் பணிகளுள் ஒன்று. 1994 இல் அது ஐ.இ.இ.இ. 1275 என்னும் தரநியமமாயிற்று. ஆப்பிள், ஐ.பி.எம். நிறுவனங்களின் பவர்பிசி கணினிகளும் அதனைக் கைக்கொண்டன. 2005 அளவில் லினக்ஸின் இரு பவர்பிசிக் கிளைகளை ஒன்றாக்குங்கால், பென்ஜமின் ஹெரென்ஷ்மிட் முதலியோர் அம்மரத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அத்தொடக்க மென்பொருள் இல்லாப் பலகைகளும் ஏற்குமாறு தட்டையான தரவுத் தொகுதியாக்கினர். இன்றுங் கருவினுள் மரத்தை வாசிக்கும் சார்புகளின் பெயர்கள் 'ஓ', 'எஃப்' என்னும் ஈரெழுத்தோடு தொடங்குகின்றன. அவை அப்பழைய வீட்டின் தலையெழுத்துக்களே.

சாதன மரத்தின் அமைப்பு எளிது. வேர் கணினியைக் குறிக்கும். அதனினின்று கிளைக்கும் கணு ஒவ்வொன்றும் ஒரு சாதனம். கணுவுக்குப் பண்புகள் உள: பெயர் ஒருபுறம், மதிப்பு ஒருபுறம். 'கொம்பாட்டிபிள்' என்னும் பண்பு, இக்கணுவுக்கு இணங்கிய செலுத்தி எதுவெனக் கருவுக்குக் காட்டும். மரத்தை மனிதர் உரையாக எழுதுவர்; தொகுப்பான் அதனை இருமவடிவாக்கும்; கணினி விழித்தெழும்போது ஏற்றிச் செய்நிரல் அதனைக் கருவின் கையிற் கொடுக்கும். கருவின் குறிமுறையைத் தொடாமலே பலகையின் விவரணத்தை மாற்றலாம் என்பது இதன் சிறப்பு. 2011 முதல் கிராண்ட் லைக்லி முதலியோர் முயற்சியால் ஆர்ம் பலகைகள் மரத்துக்கு மாறத் தொடங்கின. 2012 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 3.7 பதிப்பில் வெவ்வேறு நிறுவனத்தாரின் ஆர்ம் சில்லுகளுக்கு ஒரே கரு அமைக்குங் காலம் வந்தது.

வரலாற்றைச் சுருங்க எழுதுவோர் இவ்விடத்தில் நிறுத்திவிடுவர். நாம் நிறுத்துதற்கில்லை. ஏடு ஒன்றாயிற்று, எழுத்தர் ஒன்றாகவில்லை.

நடந்தது இது. பலகைக் கோப்புக் காலத்தில் ஒவ்வொரு செலுத்திக்கும் ஒரு தரவுக்கட்டு இருந்தது. பலகைக் கோப்பு அதனை நிரப்பிக் கொடுக்கும். மரம் வந்தபோது அத்தரவுக்கட்டைக் களைவாரில்லை. அதனை நிரப்புதற்கு ஒவ்வொரு செலுத்தியினுள்ளும் ஒரு சார்பு புதிதாய் எழுதப்பட்டது. செலுத்தியின் பெயரோடு 'பார்ஸ் டி.டி.' என்னும் ஒட்டைச் சேர்த்து அதற்குப் பெயரிட்டனர். 'சாதன மரத்தைப் பிரித்தறிக' என்பது பொருள். நினைவகத்தில் இடம் ஒதுக்குக, இன்ன பண்பை வாசிக்க, இல்லையேற் பிழை கூறுக, அடுத்த பண்பை வாசிக்க என இருபது முப்பது வரிகள். அடுத்த செலுத்தியிலும் அவ்வரிகளே. மாறுவது பெயர் மட்டும். பலகைக் கோப்பிலிருந்து துரத்தப்பட்ட இரட்டிப்பு செலுத்திக்குட் புகுந்து குடிகொண்டது. இதற்காக அக்காலத்துப் பொறியியலாளரைக் குறைகூறல் தகாது. நூற்றுக்கணக்கான செலுத்திகளை ஓடும்போதே மாற்றியவர்கள் அவர்கள்.

ஒரே காரியத்தைப் பலர் தனித்தனியே எழுதினால் வரிகள் பெருகுதல் சிறு தீங்கு. பெருந்தீங்கு வேறு: அவர்கள் ஒரே பொருளை வெவ்வேறாய் எழுதுவர். தொடுதிரையை எடுத்துக்கொள்வோம். தொடுதிரைச் செலுத்தி அறிய வேண்டுவன சில. கிடையச்சின் நீளம் எத்துணை? நிலையச்சின் நீளம் எத்துணை? திரை தலைகீழாய்ப் பொருத்தப்பட்டதா? ஈரச்சும் இடம் மாறினவா? ஒரே தொடுசில்லைத் தொலைபேசி செய்வோர் தத்தம் பெட்டிக்கு ஏற்பத் திருப்பியும் கவிழ்த்தும் பொருத்துவர் ஆதலின், இவ்வினாக்கள் எல்லாத் தொடுதிரைக்கும் பொது. ஆயினும் ஒரு செலுத்தி நீளத்தை 'எக்ஸ் சைஸ்' என்று கேட்டது. மற்றொன்று தன் நிறுவனப் பெயரை முன்னே ஒட்டி வேறு சொல்லாற் கேட்டது. அச்சுமாற்றத்தைச் சில செலுத்திகள் கேட்கவே இல்லை. பயனாளி விரலை மேல்நோக்கி இழுக்க, குறி பக்கவாட்டில் ஓடும். செலுத்தி கெட்டதன்று; சில்லுங் கெட்டதன்று. மரத்தில் எழுதியிருந்தும் அதனை வாசிக்க ஆளில்லை என்பதே குறை.

2014 இல் செபாஸ்டியன் ரைக்கல் என்பார் தொடுதிரைகளுக்குப் பொதுவான வாசிப்புச் சார்பு ஒன்றை எழுதி, உள்ளீட்டுச் சாதனங்களின் பகுதியிற் சேர்த்தார். 'டச்ஸ்கிரீன் சைஸ் எக்ஸ்', 'டச்ஸ்கிரீன் சைஸ் வை' என்று பண்புப்பெயர்கள் பொதுவாயின. பின்னர் அச்சுகளைக் கவிழ்த்தலும் இடமாற்றலும் அப்பொதுவிடத்தே சேர்க்கப்பட்டன. செலுத்தி எழுதுவோன் இப்போது அச்சார்பை ஒருமுறை அழைத்தாற் போதும். தான் நினையாத வினாக்களுக்கும் விடை கிடைக்கும். சேமித்த வரிகளினும் இதுவே பெரும்பயன் என்பது எம் கருத்து. இத்தகைய பணி மின்னழுத்தச் சீராக்கிகளில் அதற்கும் முந்தியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தவரான ராஜேந்திர நாயக் 2011 இல் எழுதிய கோப்பு, குறைந்த அழுத்தம், கூடிய அழுத்தம் முதலிய பொதுப்பண்புகளை எல்லாச் சீராக்கிகளுக்கும் ஓரிடத்தே வாசித்தது. அங்கே பிழை நேர்ந்தாற் குறி தவறி ஓடுவதோடு போகாது, சில்லே எரியும். முதலில் அங்கே பொதுவாசிப்புத் தோன்றியது பொருத்தமே.

நிற்க. இரட்டிப்பால் வந்த இன்னொரு தீங்கு கண்ணுக்குப் புலனாகாதது. நூல்நிலையத்தில் நூல் இரவல் பெறுவோன் பதிவேட்டில் ஒப்பமிட்டு எடுத்து, திருப்பிக் கொடுத்து ஒப்பத்தை அடிப்பிப்பான். மரத்தின் கணுக்களுக்கும் அவ்வாறே ஒரு கணக்கு உண்டு. ஒரு கணுவைக் கையிலெடுத்தவுடன் அதன் எண்ணிக்கை ஒன்று கூடும். விட்டவுடன் ஒன்று குறையும். ஒரு கணுவின் பிள்ளைக் கணுக்களை ஒன்றன்பின் ஒன்றாய்ப் பார்த்துவரும் சுற்று, அடுத்த கணுவை எடுக்குமுன் முந்தியதைத் தானே திருப்பிக் கொடுக்கும். தேடியது கிடைத்ததென்றோ பிழை கண்டதென்றோ செய்நிரல் இடையில் வெளியேறினால், கையிலிருக்கும் கணுவைத் திருப்பிக் கொடுப்பார் இல்லை. அதற்குத் தனியே ஒரு வரி எழுதுதல் வேண்டும். அவ்வரி மறக்கப்பட்டது, ஒரு செலுத்தியில் அன்று, எண்ணிறந்த செலுத்திகளில். படியெடுப்போர் பிழையையும் சேர்த்தே படியெடுப்பர் என்பது ஏட்டுச்சுவடி ஆராய்வோர் நன்கறிந்த செய்தி. சுவடிகளின் வழியைத் துணிதற்குப் பொதுப்பிழைகளே அவர்க்குச் சான்று.

பிரான்சு நாட்டில் ஜூலியா லாவல் என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் அமைத்த 'கொக்சினெல்' என்னும் கருவி, குறிமுறையின் வடிவத்தை நோக்கி இத்தகைய பிழைகளைத் தேடிக் கண்டது. கண்டவற்றைத் திருத்தத் திருத்தப் புதுச் செலுத்திகளிற் புதியன முளைத்தன. நிலையாய் நிற்கும் மரத்தில் இக்கசிவால் விளையுங் கேடு சிறிதே என்பதையும் நேர்மையாகச் சொல்லல் வேண்டும். ஓடும்போதே கிளைகளைச் சேர்த்தும் நீக்கியும் கையாளும் பொறிகளிற்றான் அது வெளிப்படும். 2024 இல் ஜோனதன் கேமரன் வேறுவழி வகுத்தார். சுற்றின் எல்லையை விட்டு எவ்வழியால் வெளியேறினும் தொகுப்பானே கணுவைத் திருப்பிக் கொடுக்குமாறு புதுவகைச் சுற்று ஒன்றைப் பொதுவிடத்தில் அமைத்தார். மறதிக்கு இடமே இல்லாதபோது மறவாதே என்று எச்சரித்தலும் வேண்டாவாயிற்று.

இவை நடந்துகொண்டிருக்க, இரண்டாம் ஏடு ஒன்றும் வழக்கில் இருந்தது. மேசைக்கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் சாதன விவரணம் ஏ.சி.பி.ஐ. என்னும் அட்டவணை வடிவில் வரும்; இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா நிறுவனங்கள் 1996 இல் வெளியிட்டது அது. ஒரே சாதனம் ஆர்ம் பலகையிலும் இன்டெல் பலகையிலும் அமைந்தால், செலுத்தி மரத்தை வாசிக்க ஒன்றும் அட்டவணையை வாசிக்க ஒன்றுமாய் இருவேறு வாசிப்பை எழுத வேண்டியிருந்தது. 2014 இல் அவ்வட்டவணையிலும் பெயரும் மதிப்புமாய்ப் பண்புகளை எழுத இடமுண்டாயிற்று. ரஃபேல் விசோட்ஸ்கி, மிகா வெஸ்டர்பெர்க் முதலியோர் அதனைப் பற்றுக்கோடாக்கி, 'இச்சாதனத்தின் இப்பண்பு யாது' என்று மட்டும் வினவும் பொதுச் சார்புகளை அமைத்தனர். அவை 2015 பெப்ரவரியில் வந்த லினக்ஸ் 3.19 இல் இடம்பெற்றன. விடை எந்த ஏட்டிலிருந்து வந்தது என்பதைச் செலுத்தி அறிய வேண்டுவதில்லை.

மீண்டும் நம் மலைநாட்டுக்கு வருவோம். 1832 இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. ஆயினும் விகாரை, தேவாலய நிலங்களிலும் பிரபுக்களின் நிந்தகம நிலங்களிலும் ஊழியக் கடமை எஞ்சிநின்றது. 1870 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க ஊழியக் காணிச் சட்டம் இவற்றைப் பதிவதற்கு ஆணையாளரை நியமிக்க வழிசெய்தது. அனுபவிப்போர் பெயர், ஊழியம், ஊழியத்துக்கு ஈடான பணம் என்பன பங்கு பங்காய் எழுதப்பட்டன. ஊழியத்தின் தன்மை கோவிலுக்குக் கோவில் வேறு. தலதா மாளிகையில் வேண்டுவது வேறு, ஊர்ப்புறத்துச் சிறு தேவாலயத்தில் வேண்டுவது வேறு. வேற்றுமையை அழிக்காமலே பதியும் வகை ஒன்றாக்கப்பட்டது. சாதன மரத்திலும் இத்தகைய ஒழுங்கு பிற்காலத்தே வந்தது. நெடுங்காலம் பண்புகளின் இலக்கணம் வெறும் உரைநடைக் குறிப்பாயிருந்தது. அதனை ஆள் படிக்கலாம், பொறி சரிபார்க்க இயலாது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் ராப் ஹெரிங் முதலியோர் அதனைப் பொறியே சரிபார்க்கத்தக்க படிவமாக்கத் தொடங்கினர். தொடுதிரைக்கு ஒரு பொதுப்படிவம், சீராக்கிக்கு ஒரு பொதுப்படிவம். தனிச் சாதனத்தின் படிவம் பொதுப்படிவத்தைச் சுட்டி, தன் சிறப்புப் பண்புகளை மட்டும் மேலே கூறும்.

பொதுவாக்கத்துக்கு எதிராகக் கூறப்படுங் காரணங்களுள் இரண்டு கருதத்தக்கன. பொதுச்சார்பில் ஒரு பிழை புகுந்தால் அதனை அழைக்கும் செலுத்திகள் யாவும் ஒருங்கே கெடும் என்பது ஒன்று. அது மெய், ஆனால் நூறு சாதனங்கள் ஒருங்கே கெட்டால் அன்றே நூறுபேர் முறையிடுவர். தனிச் செலுத்தியின் பிழையோ அச்சாதனத்தை வைத்திருப்பவர் நால்வர் மட்டும் இருட்டிற் படும் பாடு. மற்றைய காரணம் வலியது. உருவத்தால் ஒத்த இரண்டு, பொருளால் ஒவ்வாதிருக்கலாம். ஒரே பண்புப்பெயரை ஒரு செலுத்தி ஆயிரத்திலொரு வினாடியாகவும் மற்றொன்று பத்திலட்சத்திலொரு வினாடியாகவும் கொள்ளுமாயின், அவ்விரண்டையும் ஒரு சார்பில் அடக்குதல் ஒற்றுமை ஆகாது, குழப்பமே ஆகும். மின்னழுத்தத்தின் பண்புப்பெயரிலேயே மைக்ரோவோல்ட் என்னும் அலகையுஞ் சேர்த்து எழுதும் வழக்கம் இதுபற்றியே எழுந்தது. தேவையில்லாத நீளமெனப் புதியோர் முகஞ்சுளிக்கும் அப்பெயர்கள் பலகாலப் பிணக்கின் தீர்வு.

எல்லாவற்றினும் அரிய சிக்கல் பழைய மரங்களைப் பற்றியது. பலகையின் நினைவகத்தில் ஒருமுறை எழுதப்பட்ட மரம் அப்பலகையோடு பல்லாண்டு வாழும். அதனை எழுதியவர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார், நிறுவனமே மூடப்பட்டிருக்கும். புதுக்கருவை அப்பலகையில் ஏற்றும் ஒருவனுக்கு மரத்தைத் திருத்தும் வகை தெரியாது. ஆதலின் ஒரு முறை வாசித்த பெயரைக் கரு பின்னுந் தொடர்ந்து வாசித்தல் வேண்டும் என்னும் நெறி நிலைபெற்றது. புதுப்பொதுப் பெயரைத் தேடி, அது இல்லாவிடிற் பழைய தனிப்பெயரைத் தேடும் இரண்டு வரிகளைப் பல செலுத்திகளிற் காணலாம். படிவத்தில் அப்பழம்பெயரின் அருகே 'கைவிடப்பட்டது' என்னும் பொருள்படும் ஒரு சொல் நிற்கும். புதிய மரம் எழுதுவோனை அது விலக்கும், பழைய மரத்தை அது தள்ளாது. இரட்டிப்பைக் களைவோர் எல்லா வரிகளையும் களைந்துவிட எண்ணினால், இறக்குமதி செய்த மலிவுப் பலகைகளையும் பழைய தொலைபேசிகளையும் புதுக்கரு ஏற்றிப் பயன்படுத்தும் எளியோரின் பொறிகளே முதலில் வாய்மூடும். நம் நாட்டில் அத்தகையோர் பலர்.

கண்டி நகரிலிருந்து நான்கு மைல் அளவில் உள்ள பேராதனையிற் கணினிப் பொறியியலுக்குத் தனித்துறை உண்டு. நம் கல்லூரி விட்டு அங்கே செல்லும் மாணவர் எவரேனும் லினக்ஸ் கருவின் மூலக் குறிமுறையைத் திறந்து, செலுத்திகள் அடங்கிய பகுதியில் 'பார்ஸ் டி.டி.' என்னும் ஒட்டைத் தேடுவராயின், எஞ்சியிருப்பவை இன்னும் பல என்பதைக் காண்பர். அவற்றுள் ஒன்றைப் பொதுச்சார்புக்கு மாற்றுதல் பெரும்பாலும் பத்துப் பதினைந்து வரிகளின் வேலை. கைவைக்குமுன் அச்சாதனத்துக்காக வெளிவந்த மரங்களைத் தேடிப் பார்த்து, அவை எப்பெயரால் எவ்வலகில் எழுதின என்று குறித்துக்கொள்ளல் வேண்டும். பெரும்பொழுது கழிவது அவ்வேலையிலேயே.